சயாமுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல்

1945 செப்டம்பர் 22ஆம் தேதி, சயாம் என்று அன்று வழங்கிய தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போகும் ரயில் பாதையில் ஒரு தேடுதல் குழு புறப்பட்டது. ஜப்பான் சரணடைந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. குழுவில் இருந்தவர்கள் அதே பாதையில் போர்க்கைதிகளாக மண் சுமந்து உயிர் பிழைத்தவர்கள். மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றவர் ஜப்பானிய ராணுவத்தில் வேலை பார்த்த நகாசே தகாஷி. மழைக்காலத்தில் மூங்கிலும் கொடியும் மூடிவிட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்துக் குறித்துவருவது அவர்களுக்கு இட்ட பணி. அக்டோபர் 10ஆம் தேதி பணி முடிந்தபோது 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகள் கணக்கில் வந்திருந்தன. கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டுமே.

காட்டுக்குள் இவ்வளவு துல்லியம் சாத்தியமானதற்குக் காரணம் காகிதம். கைதி முகாம்களில் அதிகாரிகள் இருந்தார்கள், பாதிரியார்கள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவனின் பெயர், படைப்பிரிவு, எண், நாள், நோய் எல்லாவற்றையும் காவலர்கள் கண்ணில் படாமல் எழுதிவைத்தார்கள். அந்தக் காகிதங்களைக் குப்பியிலும் தகர டப்பாவிலும் அடைத்து மண்ணுக்குள் ஒளித்தார்கள். பட்டினியில் கை நடுங்கும் நிலையிலும் பட்டியலை விடவில்லை. அந்தப் பட்டியல்தான் பிறகு காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசயாத்திலும் வெட்டிய புல்லும் பூச்செடியும் சூழ்ந்த போர்க் கல்லறைத் தோட்டங்களாக மாறியது. காஞ்சனபுரித் தோட்டத்தில் மட்டும் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள் உள்ளன.

அதே காட்டில், அதே பாதையோரத்தில், கைதி முகாம்களுக்கு அடுத்தடுத்து வேறு முகாம்கள் இருந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மியர்கள், ஜாவானியர்கள், சீனர்கள் அங்கே இருந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பகுதி அவர்களே. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தரும் மதிப்பீட்டின்படி இந்தப் பாதையில் மாண்ட போர்க்கைதிகள் சுமார் 13,000. மாண்ட குடிமக்கள் 80,000 முதல் 1,00,000 வரை. முதல் எண்ணிக்கை ஏறக்குறைய ஆளாளாக எண்ணப்பட்டது. இரண்டாவதில் கூட்டியும் குறைத்தும் சொல்லப்படும் இருபதாயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அளவுக்கு மனிதர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே தெரியாத கணக்கு அது.

இந்தக் கணக்கில் மயிலம், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துக்கு நேரடியான பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய சென்னை மாகாண மாவட்டங்களில் வட ஆற்காடும் தென்னாற்காடும் முன்வரிசையில் இருந்தன. திருச்சி, தஞ்சை, சேலம், செங்கல்பட்டு ஆகியவை உடன் வந்தன. 1993 செப்டம்பரில் தென்னாற்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவாவதற்கு முன்பு மயிலமும் திண்டிவனமும் செஞ்சியும் அந்தப் பழைய மாவட்டத்தின் வடபகுதி. ஏரிப்பாசனத்தையும் மானாவாரி மல்லாட்டையையும் நம்பி வாழ்ந்த பூமி. ஏரி நிறையாத ஆண்டில் முதலில் ஊரை விட்டவர்கள் நிலமற்ற படியாட்கள்: ஆதிதிராவிடர்களும் வன்னியர்களும் இன்ன பிறரும். ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பான். சென்னை, நாகப்பட்டினம் முகாம்களில் சோதனை முடிந்ததும் கப்பல். 1920களின் பிற்பகுதியிலிருந்து அது பெரும்பாலும் ரஜூலா. பினாங்கில் இறங்கினால் தோட்டம், லயம் எனப்பட்ட வரிசை வீடு, விடியுமுன் பால்மரக் காடு. 1938 ஜூன் மாதம் இந்திய அரசு தோட்ட வேலைக்கான ஆள் அனுப்பலை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஊருக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதோடு மணியார்டரும் கடிதமும் நின்றன. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது.

ஆள் பிடித்த விதம்

ரப்பர் வாங்குவார் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் சிறைபட்டுவிட்டார்கள் அல்லது ஓடிவிட்டார்கள். தோட்டத்தில் மிஞ்சிய அதிகாரம் கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களுக்கும் கங்காணிகளுக்கும். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி அற்றுப்போய், லயத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டினார்கள். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்ற ஜப்பானுக்கு, பர்மாப் போர்முனைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. தரைவழி வேண்டும். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும் ஆறும் குறுக்கிடும் ஒரு ரயில் பாதை. கட்டியவை ஜப்பானிய ராணுவத்தின் 5ஆம், 9ஆம் ரயில்வே படைப்பிரிவுகள்.

முதலில் விளம்பரம் செய்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், குடும்பத்தோடு வரலாம். நம்பிச் சிலர் போனார்கள். மூன்று மாதம் கழிந்து யாரும் திரும்பவில்லை. பிறகு விளம்பரம் எடுபடவில்லை. தோட்டம்தோறும் இத்தனை ஆள் என்று கணக்கு வந்தது. கிராணி பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் போதாதபோது கள்ளுக்கடையிலும் சாலையிலும் கண்டவர்களை லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கொட்டகைக்குள் கூட்டிக் கதவை அடைத்து, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலுக்குக் கொண்டுபோன நிகழ்வுகளைப் பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். மலாயாவிலிருந்து இப்படிப் போனவர்கள் 75,000 பேருக்கு மேல்; அவர்களில் பெரும்பாலோர் தமிழர். போருக்குப் பின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கில் அவர்களுள் இறந்தவர்கள் முப்பதாயிரத்தை ஒட்டி வருகிறார்கள். ஓடிப்போனதாகக் குறிக்கப்பட்டவர்கள் தனி. காட்டுக்குள் ஓடியவன் பிழைத்தானா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சரக்குப் பெட்டியில் நின்றபடியே பல நாள் பயணம். பான் போங்கில் இறங்கியதும் காட்டுக்குள் நடை. மூங்கில் கால் நட்ட கொட்டகை. கூரை வேய்ந்தது பாதி, வேயாதது பாதி. 1943 ஏப்ரல், மே மாதங்களில் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அதோடு காலராவும் வந்தது. வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ராணுவம் நெருக்கிய மாதங்களும் அவையே. கைதி முகாமில் ஒரு மருத்துவ அதிகாரி தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது என்று உத்தரவிட முடிந்தது. அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சவென்று ஆட்களை ஒதுக்க முடிந்தது. தமிழர் முகாமில் அப்படிச் சொல்லவும் ஆளில்லை, சொன்னால் கேட்க வைக்கவும் ஆளில்லை. அருகில் ஓடிய ஆற்றையும் ஓடையையும் குடித்தார்கள். குடும்பத்தோடு வந்த சிலரின் பிள்ளைகளும் அங்கேயே செத்தார்கள். 1943 ஜூனில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து 30 மருத்துவ அதிகாரிகளும் 200 உதவியாளர்களும் கொண்ட கைதிகள் குழு ஒன்று தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டது. ‘கே படை’ என்று அதற்குப் பெயர். ஆகஸ்டில் இன்னொரு குழு. பல இடங்களில் அவர்களை மருத்துவம் பார்க்க விடாமல் கக்கூஸ் குழி வெட்டவும் பிணம் அப்புறப்படுத்தவும் வைத்தார்கள். தொழிலாளர் முகாம்களைப் பற்றி இன்று எழுத்தில் கிடைக்கும் நேரடிச் சாட்சியத்தில் கணிசமான பங்கு இந்தக் கைதி மருத்துவர்கள் எழுதியது. தமிழர் சாவைத் தமிழர் எழுதிவைக்க வழி இருக்கவில்லை.

1943 அக்டோபர் 17ஆம் தேதி பாதையின் இரு முனைகளும் கொங்கொய்தாவில் சேர்ந்தன.

அவர்கள் போர்வீரர்களா?

இவர்கள் கூலிகள், வீரர்கள் அல்லர், போர் நினைவகங்களில் இவர்களுக்கு இடம் தேடுவது பொருந்தாது என்ற வாதம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராணுவம் திட்டமிட்டு, ராணுவம் ஆள் பிடித்து, ராணுவக் காவலின் கீழ், போர்முனைக்குப் பொருள் கொண்டுபோகவென்றே கட்டப்பட்ட பாதை இது. சீருடை இல்லை என்பதைத் தவிர கட்டாயப் படைச்சேவைக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். இவர்களுக்குப் பக்கத்தில் அதே மண்ணைச் சுமந்த பிரிட்டிஷ் சிப்பாயின் உழைப்பைப் போர்ச்சேவை என்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவனும் அங்கே துப்பாக்கி தூக்கவில்லை, கடப்பாரைதான் தூக்கினான்.

சீருடையில்லாத கட்டாயச் சேவையைப் பிற்காலத்தில் அரசுகள் ஏற்ற வரலாறு உண்டு. பிரிட்டனில் 1943 டிசம்பரிலிருந்து, படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் பத்தில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். ‘பெவின் பாய்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயர். சுமார் 48,000 பேர். படைக்குப் போகாமல் ஒளிந்தவர்கள் என்று தெருவில் ஏச்சு வாங்கினார்கள். போர் முடிந்ததும் பதக்கம் இல்லை, சீருடை இல்லை, நினைவு அணிவகுப்பில் இடம் இல்லை. 1995இல் போர் முடிவின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் அரசி அவர்களைக் குறிப்பிட்டுப் பேசினார். 2008 மார்ச்சில் அரசு அடையாள வில்லை வழங்கியது. 2013இல் நினைவுக்கல் திறந்தார்கள். வில்லை வாங்க வந்தவர்களுக்கு அப்போது எண்பது வயதைக் கடந்திருந்தது.

பிரான்சின் அல்சாஸ், மொசெல் பகுதிகளைப் பிடித்த ஜெர்மனி 1942 ஆகஸ்டில் அங்கிருந்த இளைஞர்களைத் தன் படையில் கட்டாயமாகச் சேர்த்தது. சுமார் 1,30,000 பேர். எதிரியின் சீருடையில் சண்டையிட்ட இவர்களை வீடு திரும்பிய பிறகு துரோகி என்றார்கள் சிலர், பலியானவர் என்றார்கள் சிலர். 1981இல்தான் மேற்கு ஜெர்மனி 25 கோடி மார்க் தர ஒப்புக்கொண்டது.

மரண ரயில் பாதை என்று பெயர்பெற்ற இந்தப் பாதையிலேயே இன்னும் சிக்கலான ஒன்று நடந்தது. முகாம்களில் காவலுக்கு நின்றவர்களில் பலர் கொரியர்கள். ஜப்பானிய ஆட்சியின் நெருக்குதலில் படைவேலைக்கு வந்தவர்கள். போருக்குப் பின் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் 148 கொரியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், 23 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஹின்டோக் முகாமில் காவலராக இருந்த லீ ஹாக்-ரே மரண தண்டனையிலிருந்து தப்பி, ஜப்பானிய அரசின் ஏற்பைக் கேட்டு வாழ்நாள் முழுவதும் போராடி 2021 மார்ச்சில் காலமானார். தென் கொரிய அரசு இவர்களைக் கட்டாய அணிதிரட்டலுக்கு உள்ளானவர்கள் என்று 2006இல் ஏற்றது. அடித்தவனும் கட்டாயத்தில் வந்தவன் என்று ஓர் அரசு ஒப்புக்கொள்ள அறுபது ஆண்டுகள் பிடித்தன. அடி வாங்கிய தமிழனைப் பற்றி அப்படி ஓர் அரசாணை எந்த நாட்டிலும் இன்றுவரை வரவில்லை.

மேலே சொன்ன எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் ஏற்பு தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அவற்றுக்குப் பொதுவாக ஒன்று இருந்தது: யார் யார் போனார்கள் என்று சொல்ல ஆட்களும் ஆவணமும் இருந்தன. சீட்டுக் குலுக்கிய அரசிடம் பதிவெண் இருந்தது. அல்சாஸின் ஊராட்சிகளில் பிறப்புப் பதிவேடு இருந்தது. உயிரோடு இருந்தவர்கள் சங்கம் வைத்தார்கள், மனுப் போட்டார்கள், அடுத்த தேர்தலில் வாக்களித்தார்கள். தோட்டத் தமிழனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1946இல் திரும்பி வந்தவர்களில் பலர் மறுபடியும் அதே லயத்து வீட்டுக்குள் போனார்கள்.

இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. மயிலத்திலிருந்து பேருந்தேறினால் சிறிது நேரத்தில் புதுச்சேரி. கடற்கரைச் சாலையில் 1930களின் இறுதியில் எழுப்பிய பிரெஞ்சுப் போர் நினைவகம் இன்றும் பராமரிக்கப்படுகிறது. ஜூலை 14ஆம் தேதி மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை அங்கே ‘சொல்தா’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் குடும்பங்களுக்கு ஓய்வூதியம் வந்தது. ஒழுங்கான பிறப்பு இறப்புப் பதிவும் குடியுரிமைத் தாளும் வைத்திருந்த ஆட்சியின் கீழ் இருந்ததால், யார் படையில் இருந்தார், யாருக்கு அவர் கணவர், யாருக்கு அப்பா என்பதை நிறுவ முடிந்தது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆங்கிலேய ஆட்சியின் தென்னாற்காட்டில், கப்பலேறிய படியாளுக்கு அவ்வளவு தாள் கிடையாது.

எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை

முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு நிறைய ஆள் அனுப்பிய கிராமங்களில் சிறு கல்வெட்டுகளைப் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அவற்றில் இருக்கும். எண் மட்டும், பெயர் கிடையாது. இராக்கின் பாஸ்ரா நினைவகத்திலும் அப்படியே. பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாகக் குறித்தார்கள். இந்தப் பழக்கம் பற்றிக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே ஒரு குழு அமைத்து 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்டவர்களில் 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமான முறையில் நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயராலோ வேறு எவ்வகையிலோ நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. நூறாண்டுக்குப் பின் கிடைத்த மன்னிப்பு என்றாலும் அதன் பயனாகப் பெயர் தேடும் பணி தொடங்கியிருக்கிறது.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தின் நுழைவுக் கட்டடத்தில் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர் பொறித்திருக்கிறது. தாய்லாந்தின் இஸ்லாமிய இடுகாடுகளில் அடக்கமானவர்கள் அவர்கள்; கல்லறைகளைப் பராமரிக்க முடியாததால் பெயரை இங்கே கொண்டுவந்தார்கள். சரியான செயல். ஒரு நிறுவனம் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டால் பதினொரு பேருக்காகக்கூட சுவரில் இடம் ஒதுக்கும். அந்த ஆணையத்தின் பொறுப்பு முதன்மையாகப் படையினரே. எதிரி ராணுவம் பிடித்துப்போன தோட்டத் தொழிலாளி எந்த ஆணையத்தின் பொறுப்பிலும் வரவில்லை.

1944இல் ஜப்பானிய ரயில்வே படையினரே காஞ்சனபுரியில் ஆற்றுப்பாலத்துக்கு அருகில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். பாதையில் மாண்டவர்களுக்காக அதில் பல மொழிகளில் எழுதியிருக்கிறது; தமிழும் இருக்கிறது. சாகடித்தவர்கள் எழுதிவைத்த தமிழ் அது. அதைவிட்டால் பல பத்தாண்டுகளுக்கு அந்த ஊரில் இந்தத் தமிழர்களுக்கென்று சொல்லத்தக்க அடையாளம் இல்லை. 1990இல் காஞ்சனபுரியின் கரும்புத் தோட்டம் ஒன்றில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்டன. ஒரு பெயரும் தெரியவில்லை.

நாவலாசிரியர்கள் அரசுகளை முந்திக்கொண்டார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை இந்த அனுபவத்தைத் தமிழில் நிலைநிறுத்தியவை. டெத் ரயில்வே இன்டரஸ்ட் குரூப் என்ற மலேசிய அமைப்பு பிழைத்தவர்களையும் குடும்பங்களையும் தேடிப் பேசிப் பதிவு செய்துவந்திருக்கிறது. 2025இல் காஞ்சனபுரியில், தொழிலாளர்களின் எச்சங்கள் வைக்கப்பட்டிருக்கும் புத்த கோயில் வளாகத்தில், தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முன்முயற்சியில் தமிழர்களுக்கென நடுகல் எழுந்தது. போர் முடிந்து எண்பதாம் ஆண்டு அது.

நடுகல் என்ற வடிவத்தைத் தேர்ந்தது மிகப் பொருத்தம். ஆனால் நடுகல்லின் மரபு ஒரு கடமையையும் சேர்த்தே தருகிறது. தொல்காப்பியம் நடுகல் எடுப்பதைப் படிப்படியான சடங்காக வகுத்திருக்கிறது. விழுப்புரத்துக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான நடுகற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டில், எந்த ஊர்ச் சண்டையில், யாருடைய ஆள் இறந்தான் என்று எழுதியிருக்கும். எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்வோம். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனும் அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நாயின் பெயரும் எழுதியிருக்கிறது: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் நாயின் பெயரை விட மனமில்லாமல் கல்லில் வெட்டினார்கள். அதே நிலப்பரப்பிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் கப்பலேறிச் சயாமில் செத்தவர்களுக்கு ஒரு கல் இருக்கிறது, பெயர் இல்லை. இந்த இடைவெளி என்னை உறங்கவிடாத ஒன்று.

இழப்பீட்டின் கதை

பிரிட்டன் 2000 நவம்பரில் ஜப்பானிய முகாம்களில் இருந்த தன் போர்க்கைதிகளுக்கும் அவர்களுள் இறந்தவர்களின் மனைவியருக்கும் தலைக்கு 10,000 பவுன் வழங்க முடிவு செய்தது. ஆஸ்திரேலியா அடுத்த ஆண்டு 25,000 டாலர் கொடுத்தது. ஐம்பத்தைந்து ஆண்டு தாமதம். இருந்தாலும் பணம் கைக்கு வந்தது. மலேசியா 1967 செப்டம்பரில் ஜப்பானோடு ஓர் ஒப்பந்தம் செய்தது: 2.5 கோடி மலேசிய வெள்ளி மதிப்புக்கு, கப்பல்களாக. அது போர்க்கால இழப்புகள் அனைத்துக்குமான தீர்வாக முடிந்தது. சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு அதிலிருந்து எதுவும் போகவில்லை. இந்தியா 1952 ஜூன் 9ஆம் தேதி ஜப்பானோடு தனியாக அமைதி உடன்படிக்கை செய்து இழப்பீட்டுக் கோரிக்கைகள் அனைத்தையும் விட்டுக்கொடுத்தது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் பெருந்தன்மை என்று அதைப் பாராட்டுவார்கள். அதற்குரிய அரசியல் காரணங்களும் இருந்தன. ஆனால் தென்னாற்காட்டுக் கூலியின் மனைவியிடம் யாரும் கேட்டுக்கொண்டு அந்தக் கோரிக்கையை விடவில்லை.

ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு வழிகள் பிரிந்ததையும் சொல்ல வேண்டும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர்களில் தோட்டத் தமிழர்கள் ஏராளம். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற அச்சமும் சிலரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஐ.என்.ஏ.வினருக்கும் ஏற்பு உடனே கிடைக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் ராணுவம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972இல், சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டில், தியாகி ஓய்வூதியத் திட்டம் வந்தபோது அவர்களும் அதில் இடம்பெற்றார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘தியாகி பென்ஷன்’ என்று மக்கள் வாயில் நிலைத்துவிட்ட சொல் அது. கொடியேற்று விழாவில் அவர்களுக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. அது அவர்களுக்கு உரியது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதே லயத்தின் அடுத்த வீட்டிலிருந்து ரயில் பாதைக்குப் போனவனுக்கு அந்த நாற்காலி இல்லாமல் போனதற்குக் காரணம் அவன் தேர்ந்து போகவில்லை என்பதே. விரும்பிப் போனவனின் தியாகத்தை அளக்க நம் அரசுகளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டாயத்தில் போனவனின் இழப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஊரில் தேட வேண்டியது

இதுவரை நடந்த தேடல் பெரும்பாலும் மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்தது. சாட்சியத்தின் மறுபாதி இங்கே இருக்கிறது. 1941 டிசம்பரில் மணியார்டர் நின்ற வீடுகள் எவை? போர் முடிந்து கப்பல் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் கடிதம் வராத வீடுகள் எவை? நான்காண்டு எல்லாருக்குமே கடிதம் இல்லை. ஆகவே அதன்பின் தொடர்ந்த மௌனத்தைச் சாவு என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கேயே குடும்பம் வைத்துக்கொண்டான் என்று ஊர் பேசியிருக்கும். மனைவி பூவையும் பொட்டையும் வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று தெரியாமல் வயதாகியிருப்பாள். ஏழாண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்றது அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. படியாள் வீட்டில் அதற்கு வழக்குப் போட்டவர் யார்?

பெயர்கள் எங்கே மறைந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் வழிகள் தெரிகின்றன. நிலம் கொஞ்சம் இருந்த குடும்பங்களில், மலாயாவுக்குப் போய்த் திரும்பாத சகோதரனின் பங்கைப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் குறிப்பிடாமல் விட முடியாது. சார்பதிவாளர் அலுவலகங்களின் 1940கள், 50களின் பதிவுகளைப் பார்க்கலாம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு தொடர்பான அரசாணைகளும் கடிதப் போக்குவரத்தும் இருக்கின்றன. தோட்டங்களின் பதிவேடுகளில் தொழிலாளியின் பெயரோடு அப்பா பெயர், ஊர், வட்டம் ஆகியவையும் எழுதப்பட்டன. அவற்றில் எஞ்சியவற்றில் தென்னாற்காட்டு ஊர்ப்பெயர்களைத் தேடி இங்குள்ள குடும்ப நினைவோடு ஒப்பிட்டால் ஒரு மனிதனை இரு கரையிலிருந்தும் பிடிக்கலாம். ஒரு கரையில் மட்டும் தேடினால் முனியன், சின்னசாமி, குப்பன் என்ற பெயர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். எந்த முனியன் என்று சொல்ல முடியாது. ஊரும் அப்பன் பெயரும் சேர்ந்தால் சொல்லலாம்.

இதைச் செய்யத் தக்க நிறுவனங்கள் இந்த வட்டாரத்திலேயே உள்ளன. மயிலத்தில் பொம்மபுர ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்த தமிழ்க் கல்லூரி இருக்கிறது. கல்வெட்டும் நாட்டார் வழக்காறும் படிக்கும் மாணவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தே வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குக் காவடி எடுத்துவரும் குடும்பங்களில், மலாயாவில் தாத்தா நேர்ந்துகொண்ட வேண்டுதலைச் சொல்லக் கூடியவர்கள் இருக்க வாய்ப்பு உண்டு. கேட்கப் போகிறவர்கள் சேரிக்குள் முதலில் போக வேண்டும். ஊர்த்தெருவில் தொடங்கினால் கப்பலேறியவர்களில் பெரும்பகுதியைத் தவறவிடுவார்கள். தமிழ்நாடு அரசுக்கு அயலகத் தமிழர் நலனுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் நாள் கொண்டாடுகிறது. அந்தத் துறை விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஊராட்சி வாரியாக ஒரு கேட்புப் பணியைத் தொடங்கலாம். மூன்றே கேள்விகள் போதும்: யார் மலாயாவுக்குப் போனார், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது.

ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது இருபது வயதில் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்று இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார்கள். அப்பா போன நாளை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு எண்பத்தைந்துக்கு மேல். தாத்தாவின் தோட்டப் பெயரைப் பாட்டி வாயால் கேட்ட பேரன் பேத்திகள் அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதுவதற்கு நிதி ஒதுக்கீடு பெரிதாகத் தேவையில்லை. எழுதியதைக் காஞ்சனபுரி நடுகல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகையாக வைக்கத் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தைக் கேட்கலாம். முதல் பலகையில் பத்துப் பெயர் இருந்தாலும் வைக்கலாம்.